எல்லா நாளும் 1200

அப்பா துணை மின்நிலையத்தின் பேட்டரி அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். வெளியே மின்சாரம் போனாலும், கோளாறான லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்கள் இயங்குவது அந்த அறையை நம்பித்தான். ஈய பேட்டரிகள். அமிலம் தெறித்து அவர் சட்டையெல்லாம் ஓட்டை. கூட வேலை பார்த்தவர்கள் ‘சல்லடை’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தினமும் ஒவ்வொரு செல்லின் அமிலத்திலும் அடர்த்திமானியை வைத்து, அது காட்டும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். ஈயத்தில் சார்ஜ் இறங்கினால் எண்ணும் இறங்கும்.

பிறகு ஈயத்துக்குப் பதில் நிக்கல்-காட்மியம் பேட்டரி வந்தது. சூட்டைத் தாங்கும் என்று பரிந்துரைத்தது நான் வேலை பார்க்கும் மின்வாரியச் சோதனைக்கூடம். என் கையெழுத்தும் அதில் உண்டு. பேட்டரி மாறியது, பதிவேடு மாறவில்லை. பழைய மானியில் ஒட்டிய அமிலம் புது செல்லைக் கெடுக்கும் என்று அப்பா புது மானி கேட்டு வாங்கினார். மூன்று மாதம் அளந்தார். எல்லா நாளும் 1200.

புதிதாக வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

“என்ன சல்லடை, உக்காந்த இடத்துலயே அளந்தீங்களா?”

“இல்ல சார், அப்படித்தான் காட்டுது.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.”

பொய்ப்பதிவு என்று குறிப்பு எழுதி, அப்பாவை வாசல் மேசைக்கு மாற்றினார். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அன்று மாலை அப்பா கேட்டார். “ஏம்மா, எண்ணு நகரவே மாட்டேங்குதே. என் கண்ணு போச்சா?”

“அதுல சார்ஜ் இறங்கினாலும் அடர்த்தி மாறாதுப்பா. வோல்டேஜத்தான் பாக்கணும்.”

“இத ஒரு தாள்ல எழுதிக் குடேன். நான் சொன்னா யாரு கேக்கறா?”

“ஞாயித்துக்கிழமை எழுதறேன்ப்பா.”

தலைக்கு மேல் வேலை. இரண்டு ஞாயிறு போயின. மறு செவ்வாய், வாசல் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

பதினாறு நாள் கழித்து எழுதினேன். நான்கு வரி. பதினொரு நிமிடம் ஆனது.

அதிகாரி படித்தார், நம்பவில்லை. உதிரி செல் ஒன்றைக் கேட்டேன். முழு சார்ஜில் அவரே அளந்தார்: 1200. ஐந்து மணி நேரம் சார்ஜை இறக்கினோம். மறுபடி அளந்தார். மானியைத் துடைத்தார். இன்னொரு முறை அளந்தார்.

“எனக்கு ஈயம்தாம்மா தெரியும்” என்றார்.

பதிவேட்டை எடுத்து, தன் குறிப்பை அடித்து, ‘அளவுகள் சரி’ என்று எழுதினார். பேனா நின்றது.

“தேதி இன்னிக்குத்தான் போட முடியும்.”

“போடுங்க சார்.”