ஏழாவது முடிச்சு

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் யாரைத் தூக்குவேன், என் மகளையா, மற்ற ஆறு பிள்ளைகளில் ஒன்றையா? வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. பதில் இன்னும் தெரியாது.

பொம்மனஹள்ளியில் முதல் மாடியில் இருக்கிறோம். ஆறு பிள்ளைகளின் அம்மாக்களும் பொம்மசந்திராவில் ஒரே கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேன்தான் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும். பாதுகாப்புச் சோதனையில் தேறிய வீடுகளுக்கு மட்டும்தான் இனி வேன் வரும் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். நான் தேறாவிட்டால் ஆறு பேரும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் பயத்தைவிடக் குஷி அதிகம். பி.எஸ்சி. தேர்வுக்குக்கூட நான் இப்படித் தயாரானதில்லை. குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்க, வீடு முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்தேன். பிரிட்ஜுக்கு அடியில் ஓர் ஊக்கும் பாதி மாத்திரையும் கிடைத்தன. பினாயில் பரணுக்குப் போனது, பிளக் ஓட்டைகளுக்கு மூடி வந்தது. படிக்கட்டு கேட்டைப் பூட்டினால் தீயில் மாட்டிக்கொள்வோம், பூட்டாவிட்டால் பிள்ளைகள் படியில் உருளும். இரண்டு நாள் யோசித்து, என் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். அன்றிரவே அது உயரம் போதுமா என்று மறுபடி சந்தேகம்.

தீ ஒத்திகைக்குப் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கயிறாக முறுக்கி ஆறு முடிச்சு போட்டேன். விசில் ஊதினால் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். தினமும் ராகிக் கஞ்சி குடித்ததும் ஒத்திகை. பிள்ளைகளுக்கு அது ரயில் விளையாட்டு. என் மகளுக்கு இரண்டரை வயது. ஒத்திகையில் எப்போதும் என் இடுப்பில் இருப்பாள். அவளுக்கு எதற்கு முடிச்சு?

வெள்ளிக்கிழமை கம்பெனியின் சேஃப்டி மேடம் வந்தார். கழுத்தில் விசில், கையில் அட்டை. எனக்கு உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்த்ததும், "டிராஃபிக் போலீஸ் மாதிரியே இருக்காங்கம்மா, ஹெல்மெட் போட்டுக்கவா?" என்று என் காதில் சொன்னார். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட, எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. தாழ்ப்பாளை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, நல்ல யோசனை என்றார். அந்த நிமிஷம் நான் தரையில் இல்லை.

பிறகு விசில். சேலையின் முனையைப் பிடித்து நான் முன்னால் போனேன், கடைசியில் அக்கா. ஒருவன் மட்டும் ரயில் சத்தம் போட்டான். கீழே கேட்டுக்கு வெளியே வந்ததும் எண்ணினேன். ஆறு முடிச்சு, ஆறு பிள்ளைகள்.

"வீட்ல வேற யாரும் இல்லையே?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாரும் வந்தாச்சு."

அக்கா என் இடுப்பையே பார்த்தார். "பாப்பா எங்கம்மா?" என்றார், மெதுவாக.

எப்படி மேலே ஏறினேன் என்று நினைவில்லை. படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், மடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் நான்தான் சொல்லியிருந்தேன், மேடம் வந்தால் அம்மா மேல் தொற்றிக்கொள்ளக் கூடாது, கூப்பிடும் வரை இங்கேயே இருக்க வேண்டும் என்று. மேடம் எதிரில் பொறுப்பானவளாகத் தெரிய வேண்டுமே.

"அம்மா, நான் சமத்தா இருந்தேன்," என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். மேடம் என் பதிவேட்டைக் கேட்டார். அதில் ஆறு பெயர்கள். அதற்குக் கீழே ஏழாவதாக ஒரு கோடு போட்டு, என் மகளின் பெயரை என்னையே எழுதச் சொன்னார்.

"ஃபேக்டரில சூப்பர்வைசருங்க இதே தப்பைப் பண்ணுவாங்க," என்றார். "எல்லாரையும் எண்ணுவாங்க, தன்னை விட்டுடுவாங்க. திங்கக்கிழமை திரும்ப வரேன். அன்னைக்கு ஏழு பேர் வரணும்."

தேறவும் இல்லை, தவறவும் இல்லை. ஆனாலும் அன்று மாலை வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டபோது, டிரைவரிடம் திங்கட்கிழமை வாங்கண்ணா என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

என் மகளைத்தான் முதலில் தூக்குவேனோ, அது மற்ற அம்மாக்களுக்குத் துரோகமோ என்று இத்தனை மாதம் பயந்தவள் நான். அவளை எண்ணவே மறப்பேன் என்று ஒரு நாளும் பயந்ததில்லை.

இப்போது சேலை என் மடியில் இருக்கிறது. நாளை திங்கள். ஏழாவது முடிச்சுக்கு இடம் இருக்கிறது, எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. என் கைக்குப் பக்கத்தில் போட்டால் அவளையே பார்த்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுவேனோ? கடைசியில், அக்காவின் பக்கம் போட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்துப் படியில் தடுக்குவேனோ? நடுவில் போட்டால், அம்மாவைக் காணோம் என்று முடிச்சை விட்டுவிடுவாளோ? சொந்தப் பிள்ளையையும் பிறர் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்கள் எங்கே போடுவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.