நாக்கு ஒட்டிக்கொண்ட நாட்கள்

மனைவி போனபின் எனக்குத் தூக்கமும் போனது. வீட்டில் பேச ஆளில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் தக்காளி ஏலம் விடுகிறவன் நான். அங்கே மட்டும்தான் என் குரல் வெளியே வரும். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று திண்டுக்கல் வரை பஸ் ஏறிப்போய் மனநல டாக்டரைப் பார்த்தேன்.

அமிட்ரிப்டிலின், ராத்திரி ஒன்று. "மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ரசாயனத்தை விடும், விட்டதை உடனே திரும்ப உறிஞ்சிக்கிரும். இந்த மாத்திரை அதை உறிஞ்ச விடாது. ஆனா எச்சில் ஊறுறதுக்கான சேதியையும் சேத்துத் தடுத்துரும். வாய் உடனே காயும், மனசு தெளிய ரெண்டு மூணு வாரமாகும். நீங்களா நிறுத்திராதீங்க" என்றார். நல்லது வர வாரக்கணக்கு, கெட்டது வர ஒரே ராத்திரி! நல்ல மருந்துதான் போங்கள்.

மறுநாள் ஏலத்தில் "இருநூத்தி..." என்றதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாத்திரையின் அசதி வேறு, பேச்சு குழறியது. மூட்டை தூக்குகிறவர், "ஏனுங்கண்ணா, காலையிலயே ஊத்திட்டீங்களா?" என்றார். கடையே சிரித்தது. "ஆமாப்பா" என்று நானும் சிரித்துவைத்தேன். பைத்தியத்துக்கு மாத்திரை தின்கிறவன் என்பதற்குக் குடிகாரன் என்ற பேர் எவ்வளவோ தேவலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. டீக்கடையில் தினமும் யாராவது வம்புக்கு இழுப்பார்கள். நானும் வாய்க்கு வந்ததை அளந்துவிடுவேன்.

கமிஷன் கடை முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "குடிச்சுப்போட்டு நம்ம கடையில ஏலம் விட வேண்டாமுங்க. நாளைக்கு வராதீங்க" என்றார். சந்தையும் போனால் நான் யாரிடம் பேசுவேன்? ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டதும் போடுவதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

"குடி இல்லீங்க. மனசு சரியில்ல, அதுக்கு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். வேலை தப்பியது.

டாக்டர் சொன்னதும் பலித்தது. இப்போது தூங்குகிறேன். அடிக்கடி தண்ணீர் குடித்துக்கொள்வதால் குரலும் தெளிவாகத்தான் வருகிறது. ஆனால் என்னை யாரும் வம்புக்கு இழுப்பதில்லை. டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்தக் குடிகாரன் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நேற்று ஏலத்தில் வேண்டுமென்றே நாக்கைக் குழறவிட்டுப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்தான் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். காதருகே குனிந்து மெல்லக் கேட்டார்.

"மாத்திரை போட்டீங்களாண்ணா?"