அடுப்புக்கு எடுத்த மூன்றாவது கல்

பூங்காவில் நாமே சமைக்கலாமே என்ற யோசனை, இன்சீன் போகும் ரயிலில்தான் எனக்கு உதித்தது. உடனே இன்சீன் சந்தையில் இறங்கி, சட்டியும் அரிசியும் வாங்கிவிட்டோம். யாங்கோனுக்கு வெளியே உள்ள அந்தப் பூங்காவில் படகும் உண்டு, ஆதிமனிதர் வாழ்ந்த மேடும் உண்டு. என் அக்கா மா தேவி படகுக்காக வந்தாள், நான் மேட்டுக்காக.

அடுப்புக்கு மூன்று கல் பொறுக்கி வந்தேன். அக்கா கொளுத்திய தீக்குச்சி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மறைப்புக்காக ஒரு கல்லைத் திருப்பினேன். விரலில் கூராகப் பட்டது. இருபுறமும் தேய்த்துத் தீட்டிய விளிம்பு. கற்கோடாரி!

"அக்கா, பத்த வைக்காதே!"

"கல்லுக்கு வலிக்கவா போவுது? எனக்குப் பசி உயிர் போவுதுடி."

கிடந்த இடம் தெரியாவிட்டால் அந்தக் கல் சொல்லும் கதையில் பாதி போய்விடும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்பவள் நான். எங்கே எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை! தூறலும் தொடங்கிவிட்டது. புல்லை விலக்கி விலக்கித் தேடினோம்.

"ஏய், இங்க எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிட்டு ஓடுது. எவளோ கூரையப் பிச்சிட்டா!" என்று அக்கா கத்தினாள்.

அங்கே மண்ணில் பள்ளம் இருந்தது. கல்லை வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. பூங்கா அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் வந்து சுற்றிலும் கயிறு கட்டினார்கள். அன்று எங்களுக்கு வாழைப்பழம்தான் சாப்பாடு.

இப்போதெல்லாம் இரும்பு அடுப்போடுதான் போகிறேன். அடுத்து, 'இங்கே கல் எடுக்காதீர்கள்' என்று பர்மியத்திலும் தமிழிலும் பலகை வைக்க அனுமதி கேட்கப்போகிறேன். மறுத்தால் மறுபடியும் கேட்பேன். பலகையில் ஓர் எறும்பு வரைய வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை.