சத்தமில்லாமல் தேய்ந்த கிண்ணம்

வடமதுரையில் பேருந்திலிருந்து இறங்கும்போது இடது காலை ஊன்ற முடியவில்லை. தொடையிடுக்கில் ஆணி இறங்கியது போல வலித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இறங்குண்ணே, பின்னாடி ஆள் நிக்குதுல்ல" என்றார் நடத்துனர்.

அந்த இடுப்பு மூட்டை மாற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை ஒருநாளும் வலித்ததில்லை.

தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். முப்பத்தாறு வயதில், ரத்த ஓட்டம் நின்று என் தொடை எலும்பின் பந்து செத்துப்போனது. மதுரையில் அதை எடுத்துவிட்டு ஒரு உலோகப் பந்தும், அது உருள பாலிஎத்திலீன் (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) கிண்ணமும் வைத்தார்கள். "வலி இல்லேன்னாலும் வருசம் ஒருதடவை எக்ஸ்ரே எடுக்க வாங்க" என்று டாக்டர் ஆண்டுக்கொரு கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார். வலி இல்லாதபோது எதற்கு என்று கேட்கக் கூச்சம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் ஆண்டு மட்டும் போனேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஓடுகிற மோட்டாரைப் பிரிக்கக் கூடாது. தண்டு சுழலும் புஷ் வளையம் தேய்ந்தால் உறுமும், ஆட்டம் கொடுக்கும். அப்போது பிரித்து மாற்றினால் போதும். என் மனைவி லூர்து ஆண்டுதோறும் அட்டையை எடுத்து நீட்டுவாள்.

"சத்தம் வரட்டும், போறேன்" என்பேன்.

"ஆமா, ராவும் பகலும் உங்க இடுப்புல காதை வச்சுக்கிட்டே கெடக்கேன்" என்பாள். இருவரும் சிரிப்போம்.

பேருந்தில் வலி வந்த பிறகு மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிய டாக்டர் புதியவர். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார். லூர்துதான் பதில் சொன்னாள்: "பதினோரு வருசம் ஆச்சு சார்."

பந்து உரச உரசக் கிண்ணம் தூளாக உதிர்ந்திருக்கிறது. அந்தத் தூளை அழிக்க முயலும் உடம்பு, பக்கத்திலிருக்கும் எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிடுமாம். ஆஸ்டியோலைசிஸ் (எலும்பு கரைதல்) என்றார். பெரும்பாலும் அது கரையும்போது வலிக்காது. கிண்ணம் கழன்று ஆடத் தொடங்கிய பிறகுதான் வலிக்கும்.

"புஷ்ஷ மட்டும் மாத்த முடியாதா சார்?" நான் ஒரு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அஞ்சாறு வருசம் முன்ன வந்திருந்தா கிண்ணத்தை மட்டும் மாத்தியிருக்கலாம். இப்ப அதைப் பிடிச்சு நிறுத்த எலும்பு வேணுமே. திறந்து பாக்குறேன். நிக்கலேன்னா மூட்டே இல்லாமத்தான் தைக்கணும். கால் குட்டையாயிரும். கட்டை ஊனித்தான் நடக்கணும்."

வெளியே நடைபாதையில் லூர்து என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரு மோட்டாரு அம்புட்டும் உங்களக் கூப்பிட்டுச்சு. இது கூப்பிடல. நான்தானே கூப்பிட்டேன்" என்றாள்.

புதுக் கிண்ணம் நிற்கவில்லை. தொட்ட இடமெல்லாம் எலும்பு அப்பளமாக நொறுங்கியது என்று அறுவைக்குப் பிறகு சொன்னார்கள்.

கழற்றிய கிண்ணத்தைக் கேட்டு வாங்கினேன். உள்ளே கட்டைவிரலால் தடவினேன். மேல்பக்கம் மட்டும் குழிந்து தேய்ந்து, அங்கே நகத்தளவு கனமே மிச்சம். வேறொருவர் மோட்டாரில் இப்படி ஒரு புஷ்ஷைப் பார்த்திருந்தால், "இம்புட்டு நாள் என்னய்யா பண்ணுன?" என்று திட்டியிருப்பேன்.

செயற்கை மூட்டு வைத்திருப்பவர்களே, வலி இல்லை என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அட்டையில் பதினோரு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. நான் நன்றாக இருந்த ஆண்டுகள் அவை. எந்தக் கிணற்றில் படியிறங்கியது நினைவுக்கு வந்தாலும், அன்று எவ்வளவு கரைந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இடது செருப்புக்கு இரண்டு அங்குலம் தடித்த அடி வைத்திருக்கிறேன். அதன் வெளிவிளிம்பு சீக்கிரம் தேய்கிறது. வாரம் ஒருமுறை கழற்றிப் புரட்டிப் பார்க்கிறேன். அந்தக் காலில் தேய்ந்தால் மாற்றக்கூடியது இனி அது ஒன்றுதான்.