திலகம் அக்கா மருந்தடிக்காத இடம்

திலகம் அக்காவுக்குக் களையைக் கண்டாலே ஆகாது. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு களை கொல்வதுதான் அவர் வேலை. அவர் நடந்துபோன வரிசையில் அடுத்த வாரம் தேயிலையைத் தவிர ஒரு பச்சை இருக்காது. வாயும் அப்படித்தான். கங்காணி முனியாண்டியே அவரிடம் வாயைக் கொடுக்க யோசிப்பார்.

ஆனால் வீட்டைச் சுற்றி அவர் வளர்த்ததெல்லாம் நெற்று வைக்கிற ஒரே செடிக் குடும்பம். பந்தலில் அவரைக்கொடி, வேலியில் சங்குப்பூ, மூலையில் குளிருக்கு ஒடுங்கிப்போன ஓர் அகத்தி. சங்குப்பூவை டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹஃபீசா, சோற்றுக்கு நீலம் ஏற்ற வாங்கிப் போவார். அகத்திக் கீரையில் பாதி பக்கத்து வீட்டுக்காரியான என் அடுப்புக்கு வந்துவிடும். அந்தக் குடும்பத்தில் ஓர் உதவாக்கரையும் உண்டு, தொட்டாற்சிணுங்கி. அக்காவின் பின்கதவிலிருந்து மேலே லோரி ரோடு வரை சரிவு முழுக்க அதுதான். காலைக் கிழிக்கிறதே, அடித்துத் தொலையுங்கள் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். ஊர்க்களையெல்லாம் கொன்றவர் அதை மட்டும் விட்டுவைத்தார்.

அவர் கணவர் சின்னையா அண்ணன் கொழுந்து லோரி ஓட்டினார். வேலை முடிந்ததும் லோரியை மேலே நிறுத்திவிட்டு, சிலிப்பர் காலோடு அந்த முள்ளில் இறங்கிப் பின்கதவுக்கு வருவார். முன்வாசல் எதற்கு இருக்கிறது என்று அக்கா தினமும் கத்துவார். போன வருடத்து மழையில் லோரி பள்ளத்தில் உருண்டு, அண்ணன் அங்கேயே போய்விட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்குச் சொல்கிறவள் நான். அண்ணன் போன பிறகு ஒரு நாள், அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில், கீரை வாங்கப் போனபோது நல்ல வெயில், காற்றே இல்லை. அக்கா பின்கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தார்.

"பேசாம இரு, மோகனா. வர்றாரு."

மேலே ரோட்டோரம் தொட்டாற்சிணுங்கி இலைகள் மடங்கின. ஒரு பாதம் அளவுக்குத்தான். அடுத்து ஓர் எட்டு தள்ளி இன்னொரு பாதம். வலது, இடது, வலது என்று சரிவில் இறங்கி வந்தது. பூனையாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். பூனையும் இல்லை, கோழியும் இல்லை. வாசற்படிக்குக் கீழே கடைசி இலை மடங்கியதும் அக்கா ஒதுங்கி வழிவிட்டார். என் பக்கமாக ஒரு குளிர் உள்ளே போனது. அக்கா அடுப்படிக்குப் போய் இரண்டு கோப்பி கலக்கினார். எனக்குக் கீரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன்.

பிறகு மெல்லப் பழகிக்கொண்டேன். அண்ணன் உயிரோடு இருந்தபோதும் யாருக்கும் கெடுதல் செய்தவரில்லை. அக்காவும் முகம் தெளிந்து வேலைக்கு வந்தார். அந்த ஒரு நடைக்காகத்தான் அவர் நாளெல்லாம் உழைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

இந்த வருடம் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் பாம்பு வந்தது. வீடுகளுக்குப் பின்னால் புதர் இருக்கக் கூடாது என்று தோட்டத்தை நடத்த வந்த புது துரை உத்தரவு போட்டார். முனியாண்டி தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

"ஒங்க வீட்டுப் பின்னாடி நாளைக்கு நீங்களே அடிச்சிருங்கக்கா. நான் என்னா செய்யறது, துரை பேச்சுலா."

அக்கா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து பட்டுப் பட்டுத் தோல் வெந்த கை அது.

அன்று பொழுது சாயுமுன் நானும் கதவருகில் இருந்தேன். காலடி பாதிச் சரிவு வந்தபோது அக்கா பேசினார்.

"நில்லுங்க. நாளைக்கு இங்க மருந்து அடிக்கிறேன். வெறும் சிலிப்பரோட வருவீங்க, காலு வெந்துரும். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

காலடி நின்றது. பிறகு மடங்கிக் கிடந்த தடத்துக்குப் பக்கத்தில் வேறு இலைகள் மடங்கின. இடது, வலது என்று மேலே ஏறி, ரோட்டோடு முடிந்தது. அக்கா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பேய்மழை. மழையில் மருந்தடிக்க முடியாது. மழை விடுவதற்குள் புது துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. உத்தரவை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சரிவு முழுக்க ரோசாப்பூ நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூ. இலைகள் எல்லாம் விரிந்தே இருக்கின்றன. அண்ணன் வரும் அந்த நேரத்தில் ஒன்றுகூட மடங்குவதில்லை. அவ்வளவு விரிந்த இலைகளைப் பார்க்க எனக்கு இப்போதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா இன்னும் பின்கதவைத் திறந்துவைக்கிறார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை.

"மருந்து அடிக்கலன்னு சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்க்கா. ஒங்க சொல்லுக்குப் போனவரு, ஒங்க சொல்லுக்கு வரமாட்டாரா?"

அக்கா சரிவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், அதற்கு மேலே பனி மூடிய காட்டைப் பார்த்தார்.

"கூப்பிடலாம்தான். எந்தப் பக்கம் பாத்துக் கூப்பிடறது, மோகனா?"