தார் ரோட்டில் முந்தி வந்த ரேஸ் சைக்கிள்

தார் ரோட்டில் எந்தச் சைக்கிள் வேகம்? வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிளா, தடித்த டயர் போட்ட கேரியர் சைக்கிளா?

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு மாதமாக இதுதான் வழக்கு. ஆரம்பித்து வைத்தவன் என் மச்சினன் செல்வராசு - என் மனைவியின் தம்பி. திருச்சியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டாக ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கி வந்திருக்கிறான். விரல் தடிமனுக்கு டயர். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. பாரில் மட்டும் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறான்.

எனக்கு மளிகைக் கடை. என் சைக்கிள் அரிசி மூட்டை சுமக்கிற சைக்கிள். அதைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு.

"மாமா, இத மாட்டுக் கொட்டாயில கட்டுங்க. தார் ரோட்டுல மெல்லிசு டயருதான் பறக்கும். ரோட்டத் தொடுறதே இல்ல தெரியுமா?"

"ரோட்டத் தொடாம எங்கடா போகும், ஆஸ்பத்திரிக்கா?"

போன வெள்ளிக்கிழமை இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு வந்தது.

அன்று எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம். கூலிக்குப் போகிறவர்கள் கூடக் கொடுத்துக் கட்டிய கோயில். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கலசத்தில் தீர்த்தம் இறங்கியாக வேண்டும். காலையில் எல்லாம் தயாராக இருக்கும்போது ஒரு தந்தி வந்தது. முதல் நாள் சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் கொள்ளிடத்துத் தீர்த்தம் கொண்டு வந்திருந்தார். அவருடைய பங்காளி அதற்கு முன்பே, முதல் நாள் மத்தியானமே இறந்து போயிருக்கிறார்!

தீட்டு. இனி அந்தத் தண்ணீரை எப்படி ஊற்றுவது?

குருக்கள் கையைப் பிசைந்தார். "வேற தீர்த்தம் வந்தாகணும். மொண்டவர் கையிலேயே வரணும். கை மாத்தப்படாது, வழியில தரையில வைக்கப்படாது..."

காலை பஸ் போய்விட்டது. செல்வராசு வேட்டியை மடித்துக் கட்டினான். "நான் போறேங்க." துணைக்கு நான் கிளம்பினேன்.

திருமானூர் ரோட்டில் ஒரே எதிர்க்காற்று. அவன் குனிந்து, காற்றுக்கு அடியில் நுழைந்து போனான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து அவ்வளவு காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு மிதித்தேன். உள்ளதைச் சொல்கிறேன் - நான் ஆற்றை எட்டுவதற்குள் அவன் திரும்பியே வந்துவிட்டான்! செப்புக் குடத்தின் வாயைத் துணியால் கட்டி, துண்டில் தூளி மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

"மெதுவா வாங்க மாமா!"

காற்று இப்போது முதுகுப் பக்கம். அவன் புள்ளியாகி மறைந்தான். பிள்ளையாரப்பா, மானத்தைக் காப்பாற்றினாய் என்று நானும் சைக்கிளைத் திருப்பினேன்.

கொஞ்ச தூரம்தான். ஒரு வளைவு திரும்பினால்... நடு வெயிலில் நிற்கிறான். தூளி முடிச்சு அவிழ்ந்து, இரண்டு கையிலும் குடம். இடுப்பில் சாய்ந்தபடி சைக்கிள். முன் டயரில் பொட்டுக் காற்று இல்லை. சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து சிந்திய சில்லு ஒன்று கிழித்துவிட்டது.

"எவ்வளவு நேரமாடா இப்படி நிக்கிற?"

"தெரியல மாமா. குடத்த வைக்க முடியல. இதுக்கு ஸ்டாண்டும் இல்ல."

"சைக்கிளக் கீழ போடுறதுதானே?"

"பெயின்ட் போயிடும் மாமா... மாமா, மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்."

சொறிந்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. பத்தரை, பத்தரை என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஏறுடா பின்னால."

"என் சைக்கிளு?"

அதை ஒரு புளியமரத்தில் சாத்தினேன். அவன் குடத்தைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான். அது கண்ணுக்கு மறைகிற வரை திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பான் போல - வண்டி ஆடிக்கொண்டே வந்தது.

டபுள்ஸ். வெயிலில் தார் இளகி டயரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. எதிரே வந்த லாரிகள் எல்லாம் ஆற்றுப் பக்கம் போகிறவை. வாய் மட்டும் "விநாயகா, விநாயகா" என்றது.

அப்போது பின்னால் பாம், பாம் என்று ஹாரன். காலி லாரி ஒன்று எங்களை ஒட்டிக்கொண்டு போனது. செல்வராசு அலறினான்.

"மாமா! என் சைக்கிளு! அந்த லாரி மேல போவுது மாமா!"

கையைத் தூக்கி மறிக்கலாம் என்றால் அவன் கையில் குடம். எனக்கோ கத்த மூச்சில்லை. திருட்டு கண் முன்னால் நடக்கிறது. இரண்டு ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டே மிதிக்கிறோம்!

ஊர் ஸ்பீக்கர் காதில் விழுந்தது. "தீர்த்தம் கொண்டு வரும் செல்வராசு எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்கு வரவும்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் நின்றது. மைக்கில் யாரோ பதற்றத்தில் சொன்னார்கள்: "சைக்கிள் வந்துடுச்சு... ஆளைக் காணோம்."

சைக்கிள் வந்துவிட்டதா? அப்படியானால் என் மனைவி...?

நினைத்தபடியே ஊர் எல்லையில் அவள் செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். காற்றுப் போன டயரோடு லாரியிலிருந்து தம்பியின் சைக்கிள் இறங்கினால் எந்த அக்காவுக்கு நல்ல நினைப்பு வரும்? எங்களைப் பார்த்ததும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவனைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, மடியில் தீர்த்தம்.

"வந்துட்டியாடா சாமி... போ, போ, நேரமாவுது, முதல்ல போ!"

போனோம். ராகு காலத்துக்கு முன்னால் கலசத்தில் தீர்த்தம் இறங்கியது. கும்பிடத் தூக்கிய கையை எனக்குக் கீழே இறக்கவே மனசில்லை.

லாரி டிரைவர் கோயிலுக்கு வெளியே காத்திருந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பெயின்டில் இருந்த ஊரைப் படித்துத்தான் சைக்கிளை ஏற்றி வந்திருக்கிறார். ஆளுக்கு ஒண்ணும் ஆகவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். யார் காதிலும் ஏறவில்லை.

"எங்களையும் ஏத்தியிருக்கலாமே பாய்?" என்றேன்.

"குடத்தோட டபுள்ஸ்ல போறதப் பாத்ததும் சைக்கிள் உங்களுதுன்னு புரிஞ்சுபோச்சு. நேர்ச்சை, வேண்டுதலா இருக்கும், நடுவுல நிப்பாட்டப்படாதுன்னு பயந்துட்டேங்க. சைக்கிள் பத்திரம்னுதான் ஹாரன் அடிச்சேன்!"

மறுநாள் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தார் ரோட்டில் ரேஸ் சைக்கிளுக்குத்தான் வேகம். எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது அதுதானே?

வேகத்துக்காக எத்தனையோ கழற்றிப் போடுகிறோம். அதில் எது எப்போது தேவைப்படும் என்று நமக்குத் தெரிகிறதா என்ன? அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

நேற்று செல்வராசு பெரம்பலூர் போய் ரேஸ் சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு போட்டு வந்தான். "கனம் கூடி வேகம் குறையாதாடா?" என்று கேட்டேன்.

"குறைஞ்சாக் குறையட்டும் மாமா. மூக்கு அரிக்கிறப்பல்லாம் நீங்க பின்னாலயே வருவீங்களா?"