நான் இடிக்க விடாத புற்று

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாய்களைப் பழக்கியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் பென்சனோடு எங்கள் ஊரான கம்பத்துக்கு வந்ததும் ஒரு நாய் வளர்த்தார். மாட்டுக்கொட்டத்தை ஒட்டி ஒரு புற்று இருந்தது.

"நாய் அதையே மோந்துக்கிட்டுத் திரியுது. இடிச்சிருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பால் ஊற்றுகிறவள் நான். "சாமி குத்தமாயிரும், வேணாங்க" என்று தடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் நல்ல பாம்பு நாயின் மூக்கில் கொத்தியது. மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

பட்டாளத்துக் கம்பளியில் சுற்றிப் புதைத்துவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"ஆத்தா, நாய்க்குப் போயி சல்யூட் அடிக்கிறாக பாரு!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"அங்கன எங்க கூட வேலை பார்த்த நாய் செத்தா இப்படித்தாம்மா அனுப்புவோம்" என்றார்.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் உலை வைத்தேன்.